பந்தியின் எதிர்ப்பக்கம்

"என் நிகழ்ச்சியைப் பார்த்தா யாருக்கும் பசிக்கலையாம்மா."

பூவராகன் இதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பத்துப் பன்னிரண்டு வருடமாக ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் விருந்து பரிமாறுகிறவர். ஊர் ஊராகப் போவார். அந்தந்த ஊர்ச் சமையலைக் காட்டுவார். வாயே திறக்காத ஓட்டல் முதலாளிகளையும் தொழில் ரகசியம் பேசவைப்பார். கடைசியில் ஒரு விருந்தாளியை உட்காரவைத்துத் தன் கையால் இலை போடுவார். அவர் மீசையைக் கண்டாலே தெருவில் பிள்ளைகள் "பந்தி மாமா" என்று கத்தும்.

எதிரே இருந்த ஆவுடையம்மாள் அவரைவிட இருபது வயதாவது இளையவர். பழனிக்கு நடந்து போகிறவர்களுக்குச் சோறு போடும் சத்திரத்தை நடத்துகிறவர். உபசரிப்பு என்றால் என்னவென்று கேட்டுப் பெரிய பெரிய ஓட்டல்காரர்கள் அவரைத் தேடி வருவார்கள். வந்ததைவிடக் குழம்பித்தான் திரும்பிப் போவார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. பூவராகனும் இப்போது அதைக் கேட்டுத்தான் சத்திரத்துக்கு வந்திருந்தார்.

"யாரு சொன்னா பசிக்கலேன்னு?"

"சேனல்ல சொல்றாங்க. ஜனங்க பார்க்கிறாங்களாம், அடுத்த சேனலுக்குப் போயிடறாங்களாம். இன்னும் ஒரே ஒரு வாரம் பாக்கி. அதுவும் எடுபடலேன்னா மூட்டை கட்டச் சொல்லிட்டாங்க."

"கட்டிட்டுப் போங்களேன்."

"எனக்கு வேற ஒண்ணும் தெரியாதும்மா."

அது உண்மை.

அம்மாள் கேட்டார். "டிவிக்கு முன்னாடி என்ன செஞ்சீங்க?"

"ரேடியோவுல மத்தியானம் சமையல் பேசுவேன். அப்பல்லாம் ஜனங்க வழியில நிறுத்திச் சொல்வாங்க. நீங்க வத்தக்குழம்பு பத்திப் பேசினீங்க, உலை கொதிக்கிற வரைக்கும் பொறுக்க முடியலேன்னு."

"யாரைப் பார்த்துப் பேசுவீங்க?"

"ரேடியோவுல யாரைப் பார்க்கிறது? எதிர்ல ஒருத்தர் பசியோட உட்கார்ந்திருக்கார்னு நினைச்சுக்குவேன்."

அம்மாள் எழுந்து போய்ச் சுவர் ஓரமாக, பாயில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு இலை போடுங்கய்யா. நான் முழுசாச் சாப்பிட்டுட்டேன்னா, உங்களுக்குச் சொல்லித்தர எங்கிட்ட ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம்."

பூவராகனுக்கு உற்சாகம் பொங்கியது. இது அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. அம்மாளுக்கு எதிரே நின்றார். தண்ணீர் தெளித்து, நுனியைத் தன் இடக்கைப் பக்கம் வைத்து, இலையை அழகாக விரித்தார். பொரியல், கூட்டு, அப்பளம், சோறு, குழம்பு. மீசை துடிக்க ஒரு புன்னகை.

அம்மாள் இலையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். எழுந்துவிட்டார்.

"அப்புறம் பார்ப்போம்."

தொடாத அந்த இலையை வாசலில் காத்திருந்த ஒருவருக்குக் கொடுத்தனுப்பினார். அந்த மனிதர் அதை மடியில் வைத்து, வழித்து வழித்துச் சாப்பிட்டார். பூவராகன் அதையும் பார்த்தார். அப்படியானால் சமையலில் குறை இல்லை.

பிறகு எதில்தான் குறை?

மறுநாளும் அம்மாள் உட்கார்ந்தார். பூவராகன் புன்னகையை மாற்றிப் பார்த்தார். பேச்சை மாற்றிப் பார்த்தார். நெய்யைத் தாராளமாக ஊற்றினார். அம்மாள் எழுந்துவிட்டார்.

"கிளம்பலாம் சார்," என்றார் ஜெபராஜ். முதல் வாரத்திலிருந்து நிகழ்ச்சிக்குக் கேமரா பிடிக்கிறவர் அவர். "இந்தம்மா உங்களை வச்சு விளையாடுறாங்க. படப்பிடிப்புக்கு ஆளுங்க நாளைக்கு வந்துடுவாங்க."

"வரட்டும். இந்தம்மா சாப்பிடாம நான் இந்த இடத்தை விட்டு அசையறதில்ல."

கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. பூவராகன் அதை அணைத்து ஜெபராஜிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். காய் நறுக்கினார். புகையில் கண் எரிய எரிய, தானே குழம்பு கூட்டினார்.

மூன்றாவது முறையும் இலை விழுந்தது. பரிமாறி முடித்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். புன்னகைக்கக்கூடத் தெம்பில்லை.

அம்மாள் எழுந்தார்.

"அம்மா!" பூவராகன் கத்தியேவிட்டார். "என்ன குறைன்னு சொல்லிட்டாவது போங்க!"

அம்மாள் போகவில்லை. இலையைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்தார். பூவராகனைக் கையால் லேசாக விலக்கினார். அவர் நின்ற இடத்தில், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"இங்க எதுக்கும்மா உட்கார்றீங்க?"

"இங்க உட்கார்றவங்களுக்குத்தானேய்யா இலை போட்டிருக்கீங்க?"

பூவராகன் குனிந்து பார்த்தார்.

இலை நுனி இப்போது அம்மாளின் இடக்கைப் பக்கம் இருந்தது. சரியாக இருந்தது. அப்படியென்றால் இத்தனை முறையும் அது அம்மாளுக்கு வலக்கைப் பக்கம் இருந்திருக்கிறது. கல்யாண வீட்டில் சின்னப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு.

அவருக்குக் காது மடலெல்லாம் சுட்டது.

"முதல் வாரம் சரியாத்தாம்மா போட்டேன்," என்றார் மெதுவாக. "விருந்தாளிக்கு இடப்பக்கம் நுனி. ஆனா டிவில பார்க்கும்போது அது எதிர்ப்பக்கமாத் தெரிஞ்சுது. தமிழனுக்கு இலை போடக்கூடத் தெரியலைன்னு போன் மேல போன். அடுத்த வாரத்துலேர்ந்து திருப்பிப் போட ஆரம்பிச்சேன். அப்புறம் கை அப்படியே பழகிப்போச்சு."

"அந்தப் பக்கம் யாருய்யா உட்கார்ந்திருப்பா?"

"யாருமில்லம்மா. கேமரா நிக்கும்."

அம்மாள் சோற்றில் குழி பறித்துக் குழம்பை விடச் சொல்லி ஜாடை காட்டினார். பிசைந்து சாப்பிட்டார். ரசம் கேட்டார். மோர் கேட்டார். கடைசிப் பருக்கையையும் எடுத்துப் போட்டுக்கொண்டு, இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டுக் கை கழுவப் போனார்.

பூவராகன் அந்த மடித்த இலையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் சத்திரத்திலேயே படப்பிடிப்பு. கண்ணைக் கூசவைக்கும் விளக்குகள். கேமராவை ஜெபராஜ் வழக்கமான இடத்தில் நிறுத்தினார். இயக்குநர் கேட்டது பட்டுச்சட்டை போட்ட ஒரு விருந்தாளி. பூவராகன் அழைத்துவந்தது அப்போதுதான் அன்றைய நடையை முடித்து வாசலில் வந்து விழுந்த வீரணன் என்கிற மனிதரை. கால் வீங்கியிருந்தது. அவர் கேமராவைப் பார்க்கவே இல்லை, சோற்றுப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூவராகன் அவருக்கு எதிரே குனிந்து இலையை விரித்தார்.

"கட்! கட்!" இயக்குநர் ஓடிவந்தார். "சார், இலை தலைகீழா இருக்கு."

"அவருக்குச் சரியா இருக்கு."

"பார்க்கிறவங்களுக்கு?"

பூவராகன் கேட்காதது போலச் சோற்றை அள்ளி வைத்தார்.

"சார், உங்க முதுகுதான் தெரியுது. முகத்தைக் காட்டுங்க. இதுதான் கடைசி வாரம், ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு," என்றார் பூவராகன். திரும்பவில்லை. வீரணனின் கை குழம்புக்காகக் காத்திருந்தது. "இன்னும் கொஞ்சம் விடட்டுமாய்யா?"

"விடுங்க சாமி."

வீரணன் வாய்கொள்ளாமல் சாப்பிட்டார். எதிரே இருக்கிற ஊரையே மறந்து சாப்பிட்டார். பூவராகன் இலையில் எது குறைகிறது என்று மட்டும் பார்த்தார். குறைந்ததை நிரப்பினார். இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார்.

ரசம் ஊற்றும்போது பின்னால் ஒரு செருமல் கேட்டது.

"சார்..."

ஜெபராஜ். இத்தனை வருடத்தில் படப்பிடிப்பின் நடுவே அவர் வாய் திறந்ததே இல்லை.

"என்னப்பா?"

"எனக்கும் ஒரு இலை போடுங்க சார்."