எத்திராஜ் போட்ட வரிசை

எத்திராஜுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்குப் பாடம் சொன்ன ரஹிமாவுக்கு முப்பத்தொன்று. தோல் பதனிடும் ஷெட்டில் இருபத்தாறு வருஷம் எலக்ட்ரீசியனாக இருந்து, அமிலத் தண்ணீரில் கால் வெந்துபோன மனுஷன், தொழிலாளர் சங்க ஆபீசின் பின்னறையில் அவளிடம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். தினமும் சண்டைதான்.

"எவனோ எங்கயோ உக்காந்து எழுதின விதி. அதுக்கு நான் எதுக்கு அடங்கணும் டீச்சரம்மா?"

அன்றைக்குப் பாடம் ரெய்டு. பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்க்காக வேலை வாங்குகிற வித்தை.

"வகையெல்லாம் தெரியுதா, அதைச் சொல்லுங்க முதல்ல" என்றாள் ரஹிமா.

"ஏன் தெரியாது? சைபர் வகையில விஷயத்தைத் துண்டு போட்டு எல்லா டிஸ்க்லயும் பரப்புறோம். வேகம்தான், ஆனா ஒரு டிஸ்க் போனா மொத்தமும் கோவிந்தா. ஒண்ணாம் வகையில ஒரே விஷயத்தை ரெண்டு டிஸ்க்ல எழுதறோம், பாதி இடம் தண்டம். அஞ்சாம் வகையில மீட்புத் துண்டுன்னு ஒண்ணைச் சேர்த்து, டிஸ்க்குக்கு டிஸ்க் இடம் மாத்தி வைக்கிறோம். ஒண்ணு செத்தாலும் மத்ததை வெச்சு மீட்டுடலாம். போதுமா?"

"போதும். அந்த இடம் மாத்தறதுலயே பல வரிசை இருக்கு அண்ணே. எல்லாக் கம்பெனியும் ஒத்துக்கிட்ட தரநூல் ஒவ்வொண்ணுக்கும் பேர் குடுத்திருக்கு. எந்த வரிசைன்னு டிஸ்க்லயே எழுதி வைக்கச் சொல்லுது. அப்பதான் வேற கம்பெனி மெஷினும் படிக்கும்."

"என் வரிசை அந்த நூல்ல இல்ல. நானே யோசிச்சு, நானே புரோகிராம் எழுதினது. டிஸ்க்லயும் எழுதி வைக்கல. எல்லாம் இங்க இருக்கு." நெற்றியைத் தட்டிக் காட்டினார். "சாட்சி மொத்தத்தையும் நேத்தே அதுல ஏத்திட்டேன்."



சாட்சி என்றால் முந்நூற்றுப் பன்னிரண்டு தொழிலாளிகளின் குரல். கழிவுநீர் தங்கள் உடம்பை என்ன பாடு படுத்தியது என்று அவரவர் வாயால் சொன்னது. சொன்னவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. வேறு பிரதியும் இல்லை. வியாழக்கிழமை நீதிமன்றக் குழு வந்து கேட்கப்போகிறது.

ரஹிமா திட்டவில்லை. மெஷினை அணைத்தாள். நாலு டிஸ்க்கையும் உருவி, பக்கத்து மேஜையில் இருந்த புது மெஷினில் சொருகினாள்.

"அண்ணே, வெளிய போய் நில்லுங்க."

"எதுக்கு?"

"நீங்க செத்துப் போயிட்டீங்க."

"என்னது!"

"செத்தவர் பேசக் கூடாது. போங்க."

முணுமுணுத்துக்கொண்டே போனார். கதவை மட்டும் சாத்தவில்லை. அவர் கீழ்ப்படிவதே பெரிய விஷயம்.

'டிஸ்க்குகள் காலி. அழித்துப் புதிதாகத் தொடங்கவா?' என்று திரை கேட்டது. ரஹிமா அதைச் சத்தமாகப் படித்தாள். இல்லை என்று அழுத்திவிட்டு, தரநூலில் உள்ள வரிசைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். எதைப் போட்டாலும் ஸ்பீக்கரில் கரகரப்புதான் வந்தது. முக்கால் மணி நேரம் போயிற்று.

"நான் வேணா சொல்லட்டுமா? ஒரே வார்த்தை!" என்றார் வாசலில் இருந்து.

"பொணம் பேசாது."

கடைசியில் திரை மறுபடி அதையே கேட்டது. "சரி, காலி டிஸ்க்தான். தொடங்கிடறேன்" என்று ரஹிமா விரலை 'ஆம்' பக்கம் கொண்டுபோனாள்.

"ஐயையோ! கை வைக்காதீங்க!" பாய்ந்து வந்து கீபோர்டை இரண்டு கையாலும் மூடினார் எத்திராஜ். மூச்சு வாங்கியது. "முந்நூத்திப் பன்னிரண்டு பேரு இருக்காங்க இதுல! என் கொரலும் இருக்கு!"

"மெஷின் இல்லங்குதே."

"அதுக்கு என்ன தெரியும்!"

"நாளைக்கு இந்த நாற்காலியில யார் உக்காந்தாலும் அவங்களுக்கும் அவ்வளவுதான் அண்ணே தெரியும்."

அப்போதும் அவர் இறங்கி வரவில்லை. கண் சிவந்துபோய் நின்றார்.

"தெரியாம இருக்கட்டும். வேணும்னுதான் மறைச்சேன். முதலாளி ஆளுங்க பொட்டியோட தூக்கிட்டுப் போனாக்கூட ஒரு வார்த்தை கேக்க முடியாது. எவனுக்கும் பணிஞ்சதில்ல நான். இதுக்கும் பணிய மாட்டேன்."

அந்த வீம்பு ரஹிமாவுக்குப் பிடித்துத்தான் இருந்தது. தன் கையை எடுத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அவங்க கேக்கறதுக்காகவா அண்ணே தூக்கிட்டுப் போவாங்க? யாருமே கேக்கக் கூடாதுன்னுதானே?"