மீனுக்குக் கீழே ஒரு பெயர்

கேளுங்கள் பெரியவர்களே, பிள்ளைகளே! எத்தனையோ காலத்துக்கு முன்னால், ஐரோப்பாவில், அகன்ற ஆறு ஒன்றின் கரையில் ஒரு சந்தை ஊர் இருந்தது. பல ராஜ்யத்துக் காசுகளும் அங்கே வந்து புழங்கின. ஒன்று நல்ல வெள்ளி. ஒன்று பாதி செம்பு. ஒன்று வெறும் வெள்ளிப் பூச்சு. எது எதுவென்று தெரியாமல் ஜனங்கள் ஏமாந்தார்கள்.

ஆகவே ஊரார் கூடி, பொற்கொல்லர் மகளான வால்புர்காவைக் காசு சோதிக்க வைத்தார்கள். அவள் காசை நிறுத்துப் பார்ப்பாள், கல்லில் தட்டி ஓசை கேட்பாள், உரைகல்லில் உரைத்துப் பார்ப்பாள். மூன்றிலும் தேறினால், முத்திரை அச்சை அதன்மேல் வைத்துச் சுத்தியலால் ஒரே அடி! காசின் ஓரத்தில் குட்டி மீன் ஒன்று பதிந்துவிடும். மீன் விழுந்த காசை எல்லாரும் மறுபேச்சில்லாமல் வாங்கினார்கள்.

லாம்பெர்ட் என்ற துணி வியாபாரிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அவரிடம் ஒரு மூட்டை பளபளப்பான காசு இருந்தது.

முதல் நாள் கொழுத்த வாத்தோடு வந்தார். "சோதனையெல்லாம் எதற்கம்மா? மீனைப் போட்டுக் கொடு" என்றார். அவள் மாட்டேன் என்றாள். இரண்டாம் நாள் வெல்வெட் துணியோடு வந்தார். அப்போதும் மாட்டேன் என்றாள். மூன்றாம் நாள், தன் மைத்துனரான நகரத் தலைவரையே கூட்டிக்கொண்டு வந்தார்.

அன்று சந்தை நாள். கூட்டம் சூழ்ந்துகொண்டது.

"சோதிக்காமல் போடு. முடியாதென்றால் அச்சை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ" என்றார் தலைவர்.

வால்புர்கா யோசித்தாள். போட்டால் ஊர் ஏமாறும். போடாவிட்டால் நாளைக்கு வேறொருவன் வந்து போடுவான். சட்டென்று அவள் முகம் மலர்ந்தது.

"அப்படியே ஆகட்டும் ஐயா. ஆனால் சோதித்த காசுக்கு ஊர் பொறுப்பு. சோதிக்காத காசுக்கு யார் பொறுப்பு? மீனுக்குக் கீழே லாம்பெர்ட் என்று பெயரையும் பொறித்துவிடுகிறேன். செம்பு தெரிந்தால் ஜனங்கள் நேரே இவர் வீட்டுக்குப் போய் நல்ல வெள்ளியாக மாற்றிக்கொள்ளட்டும்."

"நியாயம்! நியாயம்!" என்றது கூட்டம்.

"இதில் என்ன தப்பு, லாம்பெர்ட்? நல்ல காசு என்றுதானே என்னிடம் சொன்னாய்?" என்றார் தலைவர்.

லாம்பெர்ட் மூட்டையை அவிழ்த்தார். ஒன்றை எடுத்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார், அதையும் வைத்தார்.

"ஏனய்யா, உங்கள் காசு உங்களுக்கே தெரியவில்லையா?" என்று கேட்டாள் ஒரு ரொட்டிக்காரி. சந்தையே சிரித்தது. வியர்க்க வியர்க்கப் பொறுக்கி, கடைசியில் ஏழே ஏழு காசை, சோதித்தே போடும்படி நீட்டினார் லாம்பெர்ட். நீட்டும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வால்புர்கா சோதித்தாள். ஏழும் அசல் வெள்ளி! ஏழு அடி, ஏழு மீன்; சோதித்த காசு என்பதால் பெயர் தேவைப்படவில்லை. மிச்சக் காசையெல்லாம் லாம்பெர்ட்டே கொடுத்துவிட, அது கொல்லன் உலையில் உருகிற்று. யாரோ பிடில் வாசிக்க, ஊரே ஆடியது. அந்தக் கூட்டத்தில் தொப்பி நழுவ ஆடியவர் நகரத் தலைவர்தான்.

தன் பெயரைப் போட அஞ்சுகிற பொருளை அடுத்தவர் கையில் தள்ளக் கூடாது என்பதே இந்தக் கதை சொல்லும் நீதி.