செம்மண்குளம் கல்லூரி கருத்துக் கேட்ட கதை

செம்மண்குளத்தில் ஒரு கல்லூரி உண்டு. அங்கே படிக்கிறவர்களை மாணவர்கள் என்பார்கள். இனிமேல் படிக்க ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டிவிட்டவர்களைப் பேராசிரியர்கள் என்பார்கள்.

அந்தக் கல்லூரியின் பெண்கள் விடுதியில் மோட்டார் எரிந்துபோய், மாடித் தொட்டி காய்ந்து கிடந்தது. பிள்ளைகள் காலையில் பல்லைக்கூடத் தேய்க்காமல் வாளியும் கையுமாகத் தெருமுனை அடிபம்புக்கு ஓடினார்கள். அங்கே ஊர்க்காரர்களோடு தினமும் சண்டை. கல்லூரியில் யாரும் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை, ஏனென்றால் கவலைப்படும்படி யாரும் சொல்லவில்லை. சொல்லாததைச் செய்கிற வழக்கம் அங்கே கிடையாது.

இப்படி இருக்கையில் ஆய்வுக் குழு ஒன்று வரப்போவதாகத் தெரிந்தது. தாளாளர், முதல்வர் வைரக்கண்ணுவுக்குப் போன் போட்டார்.

"மாணவர்கிட்டயும் ஊழியர்கிட்டயும் கருத்துக் கேட்டீங்களான்னு வர்றவங்க கேப்பாங்க. உடனே ஆரம்பிங்க. நாடி பிடிச்சுப் பாருங்க. அவங்க குரலுக்குச் செவி சாயுங்க. ஒவ்வொரு கருத்தையும் எடைபோட்டு, கனமானதை மேலிடத்துக்கு அனுப்புங்க. புரியுதா?"

"சொன்னது சொன்னபடி செய்யறோம் ஐயா" என்றார் வைரக்கண்ணு.

செய்தார்கள். அதுதான் வினை.

உடனே மூன்று பேர் கொண்ட குழு அமைந்தது. தாவரவியல் பேராசிரியர் கோமதிநாயகம் தலைவர். வணிகவியல் எஸ்தர் ஜெபக்கனியும் விளையாட்டு ஆசிரியர் இருளப்பனும் உறுப்பினர்கள். மூவரும் மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார, கல்லூரியே வரிசையில் நின்றது. இருளப்பன் ஒவ்வொரு மணிக்கட்டாகப் பிடித்து, கண்ணை மூடி, நாடி பார்த்தார்.

இயற்பியல் படிக்கிற தவச்செல்வி முதலில் வந்தாள். "சார், ஹாஸ்டல்ல தண்ணியே வரல..."

"பேசாதம்மா, நாடி தப்புது."

அவளுக்குப் பின்னால் வேதியியல் ஆய்வகத்து உதவியாளர் சங்கிலி வந்தார். "சார், லேப்ல பாம்பு இருக்கு."

"சங்கிலி, அது தகவல்" என்றார் கோமதிநாயகம் பொறுமையாக. "நாங்க கேக்கறது கருத்து. பாம்பைப் பத்தி உங்க கருத்து என்ன?"

சங்கிலி யோசித்தார். "நல்லா வளர்ந்திருக்கு சார்."

"இது கருத்து" என்று எஸ்தர் ஜெபக்கனி மகிழ்ச்சியோடு தலையாட்டினார்.

வரிசை முடிந்ததும் குழு கூடியது.

"எல்லாருக்கும் நாடி ஓடுது. அப்ப யாருக்கும் குறை இல்ல" என்றார் இருளப்பன்.

"நாடி நின்னாத்தான் குறைன்னு அர்த்தமா?" என்று எஸ்தர் ஜெபக்கனி கேட்டார்.

"நாடி நின்னவங்க யாரும் இதுவரைக்கும் புகார் சொன்னதில்லையே மேடம்."

அதுவும் நியாயமாகப்படவே, குழு அடுத்த வேலைக்குப் போனது. செவி சாய்க்க வேண்டும். எந்தச் செவியை?

"வலது காதைச் சாய்ப்போம்" என்றார் இருளப்பன்.

"ஒரு பக்கமாவே சாஞ்சா ஒருதலைப்பட்சம்னு சொல்லிருவாங்க" என்றார் எஸ்தர் ஜெபக்கனி.

"இடது பக்கம் சாஞ்சா கட்சிக்காரங்கன்னு சொல்லுவாங்க" என்றார் கோமதிநாயகம்.

கடைசியில் காலையில் வலது, மத்தியானம் இடது என்று தீர்மானம் ஆயிற்று. கருத்தரங்க அறையில் மூவரும் தோளோடு காதை ஒட்டவைத்து உட்கார்ந்தார்கள். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து பேசிவிட்டுப் போனார்கள். தவச்செல்வி அடிபம்புச் சண்டையைச் சொல்லி அழுதேவிட்டாள். சாயங்காலம் மூவருக்கும் கழுத்துச் சுளுக்கு. எண்ணெய் தேய்த்துக்கொண்டே கோமதிநாயகம் கேட்டார்:

"அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு?"

"அதை யார் கவனிச்சா? காது நேராயிருமோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்" என்றார் இருளப்பன்.

மறுநாள் கருத்துகளை எழுதித் தரச் சொல்லி, விடுதிச் சமையலறைத் தராசைக் கொண்டுவந்தார்கள். தவச்செல்வி ஒரு துண்டுத் தாளில் 'தண்ணீர் வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தாள். தராசு அசையவே இல்லை.

"கனமில்லாத கருத்து" என்று கோமதிநாயகம் தாளை ஊதித் தள்ளினார். அதற்கடுத்து ஒருவன் முதல்வரைப் புகழ்ந்து தடித்த அட்டையில் எழுதி வந்திருந்தான். தட்டு லேசாக இறங்கியது. குழு எழுந்து நின்று கை கொடுத்தது.

வரலாறு படிக்கிற அசாருதீன் இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேரே போய், பாதியில் நின்றுபோன நூலகக் கட்டடத்திலிருந்து ஒரு செங்கல்லைத் தூக்கிவந்தான். அதில் சாக்பீஸால் 'தண்ணீர் இல்லை' என்று எழுதித் தராசில் வைத்தான். தட்டு தடாலென்று தரையில் உட்கார்ந்தது.

"ஆகா! இந்தக் கல்லூரி இதுவரைக்கும் இப்படி ஒரு கனமான கருத்தைக் கண்டதில்ல!" என்றார் கோமதிநாயகம்.

பிறகு கேட்க வேண்டுமா? மத்தியானத்துக்குள் நூலகத்தின் தெற்குச் சுவர் முழுக்கக் கருத்தாக மாறிவிட்டது. எல்லாக் கல்லிலும் ஒரே வாசகம்.

"இனி மேலிடத்துக்கு அனுப்பணும். மேலிடம்னா முதல்வர் அறையா?" என்றார் எஸ்தர் ஜெபக்கனி.

"அது தரைத்தளம் மேடம். நம்ம கல்லூரியில மேலான இடம்னா விடுதி மாடியில இருக்கற தண்ணித் தொட்டிதான்" என்றார் இருளப்பன்.

"மழை பெஞ்சா சாக்பீஸ் அழிஞ்சிருமே?"

"தொட்டிக்கு உள்ள வச்சு மூடியப் போட்டுருவோம்" என்றார் இருளப்பன்.

"உள்ள தண்ணி இருந்தா?"

கோமதிநாயகம் சிரித்தார். "தண்ணி இல்லைன்னு எல்லாக் கருத்துலயும் தெளிவா எழுதியிருக்கே! படிக்கலியா நீங்க?"

மாணவர் கருத்தை நிர்வாகம் பயன்படுத்திக்கொண்டது கல்லூரி வரலாற்றில் அதுவே முதல் தடவை. கற்களையெல்லாம் மேலே ஏற்றித் தொட்டி வாய்வரை அடுக்கி மூடினார்கள்.

ஆய்வுக் குழு வந்த அன்று தாளாளர் பயந்துபோய் ஒரு தண்ணீர் லாரியை வரவழைத்தார். குழாய் போட்டுத் தண்ணீரை மேலேற்றியதும், கல் அடைத்த தொட்டி கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பி வழிந்தது. விடுதி வாசலில் வந்து இறங்கிய ஆய்வுக் குழுத் தலைவர் மேல் அருவியாகக் கொட்டியது.

"தண்ணிக்குப் பஞ்சமே இல்ல போலிருக்கே!" என்றார் அவர், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

தவச்செல்விக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவர் கண்முன்னால் விடுதிக் குழாயைத் திறந்துவிட்டாள். அரை வாளி கொட்டியது. குழாய் இருமியது, நின்றது.

"பாருங்க சார்!"

தலைவர் குனிந்து பார்த்தார். "அற்புதம். தேவைக்கு மேல போகாம தானாவே நின்னுக்குது. இந்தச் சிக்கனம் எந்தக் கல்லூரியிலயும் இல்ல."

அவள் நேரே மாடிப்படிக்கு நடந்தாள். விடுதிப் பெண்கள் மாடியேறினார்கள். அசாருதீன் கூட்டம் படிக்கட்டில் வரிசையாக நின்றது. கற்கள் கைமாறிக் கைமாறிக் கீழே வந்தன. வந்த கற்களைத் தாளாளரின் காரைச் சுற்றிக் கதவு திறக்க முடியாதபடி கழுத்தளவுக்கு அடுக்கினார்கள். தாளாளர் காருக்குள்தான் இருந்தார். அன்று சாயங்காலமே மோட்டார் சரியாகித் தண்ணீர் வந்துவிட்டது.

மாடியிலிருந்து கற்கள் இறங்குவதைப் பார்த்த கோமதிநாயகத்துக்கு மட்டும் கண் கலங்கியது. "பெருந்தன்மையான பிள்ளைங்க. அவங்க கருத்த அவங்களே வாபஸ் வாங்கிட்டாங்க" என்றார். ஆய்வுக் குழுவிடமும் அப்படியே சொன்னார்கள்.

கிளம்பும்போது ஆய்வுக் குழுத் தலைவர் முதல்வரின் தோளைத் தட்டினார். "ரொம்பத் திருப்தி. இனி நீங்க இந்தக் கல்லூரியை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகணும்."

ஆய்வுக் குழுவின் கார் தெருமுனை திரும்புவதற்குள் இருளப்பன் மைதானத்தில் சுண்ணாம்புத்தூளால் கட்டம் போட்டுவிட்டார்.

"நடந்தே போயிரலாமா?" என்று வைரக்கண்ணு கேட்டார்.

"கட்டத்துக்குக் கட்டம் நடந்தா அழுகுணி ஆட்டம் சார். நொண்டித்தான் போகணும்."

முதல்வர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினார், சில்லை எறிந்தார், ஒற்றைக்காலில் தாவினார். பேராசிரியர்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். இரண்டாம் கட்டத்தில் தள்ளாடிக் கோட்டை மிதித்துவிட்டார். இருளப்பன் விசில் ஊதினார்.

"அவுட்!"

"அப்ப கல்லூரி?" என்றார் வைரக்கண்ணு.

கோமதிநாயகம் தீர்ப்புச் சொன்னார். "விதிப்படி ஆட்டம் அடுத்தவங்களுக்குப் போகும்."

எஸ்தர் ஜெபக்கனி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சில்லை எடுத்தார். அன்றிலிருந்து அவர்தான் அங்கே முதல்வர். கையெழுத்து வேண்டுமென்று மைதானத்துக்குப் போய்த் தாளை நீட்டினால், ஒற்றைக்காலில் நின்றபடியே போட்டுக் கொடுக்கிறார். வைரக்கண்ணு கோட்டுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, அவர் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.