பதில் வராத மணி

முன்னொரு காலத்தில், மழையும் ராஜாவின் கோபமும் சொல்லிக்கொண்டு வராத நெடுங்கரை நாட்டை இளங்கடம்பன் ஆண்டுவந்தான். அவனுக்கு ஒரே மகன். ஊரில் புகுந்த விஷக்காய்ச்சல் அரண்மனையையும் விடவில்லை. பிள்ளை படுத்த படுக்கையானதும் ராஜா ஆற்றங்கரை அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்தான். இலைக்குள் மடித்த இரண்டு பொட்டலங்கள். ஒன்றில் நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் பிழைப்பான். வெள்ளைதான் வந்தது.

“ஆத்தா வாக்குக் கொடுத்துட்டா மகாராஜா” என்றார் பூசாரி மாசாணம்.

மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டான்.

ராஜா உள்ளறையைத் தாழிட்டுக்கொண்டான். நாற்பத்தோராம் நாள் தாடியும் சிவந்த கண்ணுமாகச் சபைக்கு வந்தான். “அம்மன் இல்லையென்று நிரூபியுங்கள். நிரூபித்தால், பொய் வாக்குச் சொன்ன பூசாரியின் தலை போகும்.”

அதே காய்ச்சலில் அமைச்சர் அம்பலவாணரின் மகள் போய்ப் பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்கப்புறம் அவர் எந்த விளக்கையும் கும்பிடவில்லை. அம்மன் இல்லையென்றால் இல்லாமலே போகட்டும் என்றிருந்தார்.

அவருடைய ஆசனத்தின் மேல் பத்து வருஷமாகக் கண் வைத்திருந்த வாமதேவ சாஸ்திரிதான் துள்ளி எழுந்தார். “அவளையே கேட்டுவிடுவோம் மகாராஜா. ‘நீ இருக்கிறாயா?’ என்று பத்து முறை பூக்கட்டுவோம். இருக்கிறவள் ஒரே பதில்தானே சொல்லுவாள்?”

பத்து முறை எடுத்தார்கள். ஐந்து வெள்ளை, ஐந்து சிவப்பு.

“ஆயிற்றா? இது பதிலே இல்லை. கேட்ட குரலுக்குப் பதில் வராவிட்டால் உள்ளே ஆளில்லை. அமைச்சருக்கு விளங்கவில்லையென்றால் இன்னும் மெதுவாகச் சொல்கிறேன்.”

கைகட்டப்பட்டு நின்ற மாசாணம் அமைச்சரைப் பார்த்தார். “எனக்கும் தெரியலைங்க சாமி. பூவுல வந்ததைச் சொன்னேன். அவ்வளவுதான்.”

தெரியவில்லை என்று அந்தச் சபையில் சொன்ன ஒரே மனிதன். அம்பலவாணர் எழுந்தார். வாயிற்காவலனைக் கூப்பிட்டார்.

“இந்த நாற்பது நாளில் ஆராய்ச்சி மணியை எத்தனை பேர் அடித்தார்கள்?”

“நூறு பேருக்கு மேல இருக்கும் ஐயா. மருந்துக் கிடங்கைத் திறக்கச் சொல்லித்தான். ராஜ முத்திரை இல்லாம யாரு திறக்கிறது?”

“பதில் வந்ததா?”

“ஒண்ணும் வரலைங்க.”

“சாஸ்திரியாரே, நூறு பேர் கேட்டும் பதில் இல்லை. ஆகையால் நாற்பது நாளும் உள்ளே ராஜா இல்லை. கணக்குச் சரிதானே?”

சாஸ்திரிக்கு வேர்த்தது. ஆமென்றால் தலை போகும். இல்லையென்றால் தர்க்கம் போகும். தலைதான் ஜெயித்தது. “இருந்தார்... துக்கத்தில் இருந்தார்.”

“ஓகோ. பதில் வராவிட்டாலும் உள்ளே ஆள் இருக்கலாமோ?”

சபை சிரிக்கத் தொடங்கி, ராஜாவின் முகத்தைப் பார்த்துப் பாதியிலேயே அடங்கியது.

“பூசாரியை அவிழ்த்துவிடுங்கள்” என்றான் ராஜா. “சாஸ்திரியாரே, இனி உமக்கு மணியடியில்தான் ஆசனம். அடிக்கிற ஒவ்வொருவருக்கும் எழுந்து நின்று பதில் சொல்லும்.” முத்திரை மோதிரத்தைக் கழற்றி அமைச்சர் கையில் வைத்தான். “இனி இது உம்மிடமே இருக்கட்டும். கிடங்கைத் திறவும்.”

பிறகு அவருக்கு மட்டும் கேட்கும்படி, “அப்படியானால் அவளும் எங்கேயோ கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுகிறாளா?” என்றான்.

“தெரியாது மகாராஜா. இல்லையென்று நிரூபிக்க முடியாது என்றுதான் காட்டினேன். இருக்கிறாள் என்று நான் சொல்லவில்லை.”

“மணி அடித்தவர்களில் உமக்குத் தெரிந்தவர் யாரும் உண்டா?”

“இருபத்திரண்டாம் நாள் அடித்தவன் நான்.”

ராஜா தலையைக் குனிந்துகொண்டான். மோதிரம் அம்பலவாணர் விரலுக்குப் பெரிதாக இருந்தது. நழுவாமல் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கிடங்கை நோக்கி நடந்தார்.