சமையல்காரன் தூங்கிட்டான்

ஐயம்பெருமாளுக்குப் பேரில்தான் ஐயம். உலகத்தின் எந்த மூலையில் எது நடந்தாலும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் தயாராக இருக்கும். ஆட்சி கவிழ்ந்தால் ஏன் கவிழ்ந்தது, விமானம் விழுந்தால் யாருடைய கவனக்குறைவு, இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டால் எது முதலில் பணியும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. தலைப்பைப் பார்த்தால் போதும். அதற்குக் கீழே இருப்பதைப் படிப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கடற்கரை ஊரில் இருந்த ஆவுடைத்தாய் அம்மாவின் மடத்தில் சீடராகச் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். சீடரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். காலைப் பூசை முடிந்ததும் ஐயம்பெருமாள் பேப்பரை விரிப்பார். தன் அபிப்பிராயத்தைச் செல்போனில் பேசி, ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். "அண்ணாச்சி, பிச்சு உதறிட்டீங்க!" என்று பதில் வரும். மனுஷனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

அன்றைய தலைப்பு, 'நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது: மாலுமிகள் கதி என்ன?'

ஐயம்பெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இதுல என்ன சந்தேகம்? சமையல்காரன் அடுப்பை அணைக்காம தூங்கிட்டான். வேற ஒண்ணும் இல்ல" என்று பேசிப் போட்டார்.

அந்தக் கப்பலில் இந்த ஊர்க்காரர்கள் நாலு பேர் இருந்தது அவருக்குத் தெரியாது. அவர்களில் அமலதாஸ் என்பவர்தான் கப்பலின் சமையல்காரர் என்பதும் தெரியாது.

உச்சி வெயிலில் அமலதாஸின் மனைவி ரெஜினா கைக்குழந்தையோடு மடத்துக்குள் ஓடிவந்தாள். நெற்றியில் ரத்தம். மற்ற மூன்று வீட்டு ஆட்கள் அவள் வீட்டின் மேல் கல்லெறிந்திருந்தார்கள். ஆவுடைத்தாய் அம்மா அவளை உள் அறையில் உட்கார வைத்துவிட்டு வந்து வாசல் கதவைத் தாழ் போட்டார். போட்ட கையை எடுக்கவில்லை, அதற்குள் கூட்டம் வந்து கதவை இடித்தது.

"அவளை வெளியே அனுப்புங்கம்மா! அவ புருஷன் தூங்கி எங்க பிள்ளைகளை எரிச்சுட்டான்!"

தான் காலையில் சொன்ன வார்த்தை அப்படியே கதவுக்கு வெளியே நின்று கத்துகிறது என்று ஐயம்பெருமாளுக்குப் புரிந்துவிட்டது. அவசரமாக ஸ்டேஷனுக்குப் பேசிவிட்டுப் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"போலீசுக்குச் சொல்லிட்டேன்மா. பாலத்துல லாரி குறுக்க நிக்குதாம். வர நேரமாகுமாம்."

"யாரு சொன்னா?"

"ஸ்டேஷன்ல ஏட்டையா சொன்னாரு."

"அவர் சொன்னதால 'நிக்குதாம்'னு சொன்னீங்க. நீங்களே பாத்திருந்தா 'நிக்குது'ன்னு சொல்லியிருப்பீங்க. இல்லையா?"

"ஆமா."

"காலையில 'தூங்கிட்டான்'னு சொன்னீங்களே அண்ணாச்சி, பாத்தீங்களா?"

"தப்புதாம்மா. 'தூங்கிட்டானாம்'னு சொல்லியிருக்கணும். ஒரு 'ஆம்' விட்டுப்போச்சு."

"சரி, அந்த 'ஆம்' போடுறதுக்கு, தூங்கிட்டான்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"பேப்பர்ல..."

அம்மா பேப்பரை எடுத்து நீட்டினார். ஐயம்பெருமாள் முதல் தடவையாகத் தலைப்புக்குக் கீழே படித்தார். தீப்பிடித்த காரணம் தெரியவில்லை என்று போட்டிருந்தது. சமையல்காரன் என்ற சொல்லே அதில் இல்லை.

"யாரும் சொல்லலம்மா."

"அப்ப 'ஆம்' போடவும் வழியில்லையே."

கதவில் மறுபடி ஓர் இடி. பயம் தலைக்கேற, ஐயம்பெருமாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மனசுல பட்டதைச் சொன்னது ஒரு குத்தமாம்மா? நாடே சொல்லுது, நான் மட்டும் வாயைப் பொத்திக்கணுமா?"

"எதுக்குப் பொத்தணும்? தாராளமா சொல்லுங்க. ரெஜினா உள்ளதான் இருக்கா. அவகிட்டயும் ஒருக்கா சொல்லிட்டு வாங்க."

ஐயம்பெருமாள் உள்ளே போனார். ரெஜினா குழந்தையை மடியில் போட்டுச் சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள், காறித் துப்புவாள் என்று நினைத்துத்தான் போனார். அவளோ அவர் முகத்தைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"அண்ணாச்சி, காலையில பேசினது நீங்கதான? கப்பல்ல நடந்தது பூரா உங்களுக்குத் தெரியுமாமே. கம்பெனிக்காரங்க போனே எடுக்கலை. அவரு தூங்கினாருன்னே இருக்கட்டும் அண்ணாச்சி. எந்திரிச்சாரா? உசுரோட இருக்காரா? நீங்களாவது சொல்லுங்க."

இத்தனை வருஷத்தில் ஒரு சேதிக்கும் ஐயம்பெருமாளின் வாய் இப்படி அடைத்ததில்லை. குழந்தை அவர் சட்டைப் பித்தானைப் பிடித்து இழுத்தது. மெல்ல அதன் விரல்களை விடுவித்துவிட்டு வெளியே வந்தார். அவருக்கு அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது.

அம்மா உள் அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

வாசல் கதவின் ஒரு பலகை விரிந்துவிட்டது. இடுக்கில் ஆட்களின் கைகள் தெரிந்தன.

"நான் போய்ச் சொல்லுதேன்மா," என்றார் ஐயம்பெருமாள். "என்னன்னு சொல்லட்டும்? தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லட்டுமா?"

"அதுதானே நடந்தது? அப்படியே சொல்லுங்க."

அவர் தாழ்ப்பாளில் கை வைத்தார். அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"கதவைத் திறந்து சொன்னா, கேட்டுட்டுப் போயிருவாங்களாம்மா? இல்ல, என்னை அடிச்சுக் கொன்னுருவாங்களா?"

ஆவுடைத்தாய் அம்மா தாழ்ப்பாளின் மறுமுனையைப் பிடித்து அவரோடு சேர்ந்து இழுத்தார்.

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி."