வாய் மூடியவளுக்கு ஒரு நாற்காலி

திருப்பூரில் பச்சைக் குழந்தைகளுக்குப் பனியன் தைக்கும் கம்பெனி ஒன்று. அதன் மேனேஜர் தயாளமூர்த்தி இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தார். வந்ததிலிருந்து, பேச்சைக் குறைத்தால் வேலை கூடும் என்று பேசிக்கொண்டே இருந்தார். காலையில் ஒரு மணி நேரம் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசுவார். மீதி நேரம் அதையே போனில் பேசுவார். ஒரு மாதம் வாய் திறக்காமல் வேலை செய்கிறவளுக்கு லைன் சூப்பர்வைசர் பதவி என்று அறிவித்தார். அந்தப் பதவிக்கு ஒரு நாற்காலி உண்டு.

மயிலாத்தாளுக்கு அந்த நாற்காலி மேல்தான் கண். எட்டு வருடம் செக்கிங் மேசையில் நின்று நின்று கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு கிடந்தது. சளசளவென்று பேசுகிறவள், இருபத்தொன்பது நாள் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தாள். போட்டியில் அவளோடு மிஞ்சியது தையல் மெஷினில் பூங்கொடியும் பக்கத்து மெஷினில் ருக்மணியும்தான்.

கடைசி நாள் காலையில் பூங்கொடியின் ஊசி உடைந்தது. ஊசி உடைந்தால் குரல் கொடுத்து லைனை நிறுத்த வேண்டும். எல்லாத் துண்டையும் தேடி எடுத்து நோட்டில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி. அது பழைய சட்டம், அதை யாரும் நீக்கவில்லை. பூங்கொடிக்குப் பாதி ஊசிதான் கிடைத்தது. சத்தமில்லாமல், கைவசம் ஒளித்து வைத்திருந்த வேறு ஊசியை மாட்டித் தைத்தாள்.

ருக்மணி பார்த்தாள். அவளும் பேசவில்லை. "பூங்கொடி ஊசியை உடைத்துவிட்டு மறைக்கிறாள், மணி பத்தேகால்" என்று சீட்டு எழுதி, போனில் இருந்த மேனேஜரின் மேசையில் வைத்தாள். அவர் அதன்மேல் டீ டம்ளரை வைத்தார்.

பதினொன்றரைக்கு, ஒரு பனியனின் கழுத்துப்பட்டியைத் தடவிய மயிலாத்தாளின் கட்டைவிரலில் சுருக்கென்றது. ஊசி நுனி. அதைப் பேசாமல் எடுத்து வைத்துவிட்டால் சாயங்காலம் நாற்காலி. ஆனால் இது நுனி மட்டும்தானே, மற்றது எங்கே? அடுத்த பனியனை மடிக்கப் பார்த்தாள், கை ஓடவில்லை.

"மெஷினை நிறுத்துங்க. துணியில ஊசி கெடக்குது."

துண்டெல்லாம் கிடைக்கும்வரை இரண்டு மணி நேரம் லைன் நின்றது. மேனேஜர் வந்து, இத்தனை நாள் இருந்தவளுக்கு இன்னும் ஒரு பொழுது பொறுக்க முடியவில்லையா என்று கேட்டார்.

"கொழந்தை கழுத்துங்க சார்" என்றாள்.

சாயங்காலம் பூங்கொடி, தான் வாயும் திறக்கவில்லை, தைக்கிற பீஸ் கணக்கையும் குறைக்கவில்லை என்றாள். ருக்மணி, தான் பேசவும் இல்லை, மறைக்கவும் இல்லை என்றாள். மயிலாத்தாள் காலை மாற்றி மாற்றி நின்றாள்.

இவர்களில் அந்த நாற்காலியில் உட்காரத் தகுந்தவள் யார்?

விடை: பூங்கொடி என்று யாரும் சொல்லப்போவதில்லை. ருக்மணி என்று சொல்ல ஆள் இருக்கும், பயிற்சிக்குப் போய்வந்த ஆள். அந்தச் சீட்டை இன்னொரு முறை படியுங்கள். உடைத்தவள் பெயர் இருக்கிறது, மணி இருக்கிறது. எந்தத் துணிக்கட்டில் துண்டு போனது என்பது மட்டும் இல்லை. பக்கத்திலேயே இருந்தவளுக்கு அது தெரியாதா? அவளுக்கு ஊசி அகப்பட வேண்டியதில்லை, பூங்கொடி அகப்பட்டால் போதும். தகுந்தவள் மயிலாத்தாள்தான். மேனேஜர் உட்காரவைத்தது ருக்மணியை. அந்த லைனில் இப்போது பேச்சு மூச்சு இல்லை. வருகிறவர்களிடமெல்லாம் அவர் ஊசி நோட்டை எடுத்துக் காட்டிப் பெருமைப்படுகிறார். ஐந்து மாதமாக ஒரு துண்டுகூட ஒட்டாமல் வெள்ளையாக இருக்கிறது.