தாய்வீடு எந்தப் பக்கம்?

சாமியாரே, நீதானே உன் சீடப்பிள்ளைகளிடம் சொன்னாய், "இனி உனக்குத் தாயும் நான், தகப்பனும் நான்" என்று? சொல்லிவிட்டுப் பெற்றவளை வாசலில் நிறுத்தினாயே, அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறாய்? இது உன் சொந்தச் சரக்கு என்று நினைக்காதே. சேந்தனூர் ராஜா காலத்திலேயே ஒருத்தர் விற்றுப் பார்த்தது. கேள்.

அவர் பரமமூர்த்தி சுவாமி. மடத்தில் முந்நூறு சீடர்கள். சொந்தக்காரர் வாசலுக்கு வந்தால் சீடர்கள் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அதுதான் மடத்துச் சட்டம். அரண்மனைப் பூக்காரி காத்தாயி இரண்டு வருஷமாகத் தினமும் போய், மகள் வேலம்மையின் முதுகைப் பார்த்துவிட்டு வந்தாள். மடத்திலேயே கல்யாணமாகி, வேலம்மைக்கு இப்போது நிறைமாதம்.

காத்தாயி ராஜாவிடம் போய் அழுதாள். ராஜாவுக்கோ சுவாமிமேல் கொஞ்சம் பக்தி, நிறைய பயம். மந்திரியைக் கூப்பிட்டார்.

"ஆவுடையாரே, அந்தப் பெண் வெளியே வரணும். தன் காலால் வரணும். சேவகன் உள்ளே போகக் கூடாது. சுவாமியை ஒரு வார்த்தை குறை சொல்லக் கூடாது."

"குறையா? புகழத்தான் போகிறேன், மகாராஜா. நீங்களும் வாருங்கள்."

மடத்து வாசலில் ஆவுடையார் சுவாமியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். காத்தாயியைக் கண்டதும் வேலம்மை முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

"சுவாமி, தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? இவளுக்குத் தாய் நீங்கள். பெற்றவளை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?"

"பேஷ்! அப்படியே செய்யும்."

"வலி வந்தால் கையைப் பிடித்துக்கொள்வது நீங்கள். வெந்நீர் வைப்பது, குழந்தையைக் குளிப்பாட்டுவது, துணி அலசுவது..."

சுவாமி நாலடி பின்வாங்கினார். "சிவ சிவா! தீட்டு! என் தவம் என்னாவது? வலி எடுத்ததும் மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடணும். பதினாறு நாள் என் கண்ணில் படக் கூடாது!"

"அருமையான ஏற்பாடு" என்று கும்பிட்ட ஆவுடையார், காத்தாயி பக்கம் திரும்பினார். "ஏம்மா, உனக்கும் தீட்டு ஆகாதோ?"

"என்னய்யா கேள்வி இது? அந்தத் தீட்டோடதானே இவளை மாரிலே போட்டுக்கிட்டேன்!"

வேலம்மையின் முதுகு குலுங்கியது. மெல்லத் திரும்பினாள்.

"அம்மா, இடுப்பு வலிக்குது."

தன் காலாலேயே வாசலைத் தாண்டினாள். புருஷனும் பின்னாலேயே நடந்தான்.

"என் பிள்ளையைத் திருடுகிறீரா?" என்று கத்தினார் சுவாமி.

"அபசாரம்! தாயை விட்டுவிடுவோமா? பிரசவமானதும், பிள்ளை பெற்ற உடம்பு தேறக் காயமருந்து இடித்துக்கொண்டு வந்துவிடுங்கள். உலக்கையை நான் அனுப்பிவைக்கிறேன்."

ராஜா பயத்தை மறந்து சிரித்தார். கழுத்து மாலையைக் கழற்றி ஆவுடையாருக்குப் போட்டார். உலக்கையும் மடத்துக்குப் போனது. மருந்துதான் வரவில்லை.

உன் வாசலிலும் அம்மாக்கள் நிற்கிறார்கள். பேரம் பேச நான் வரவில்லை. ஒன்று, போய் வெந்நீர் வை. இல்லையா, கதவைத் திற. அவரவர் பிள்ளையை அவரவரிடம் அனுப்பு. இன்றைக்கே அனுப்பு.